அலாரத்துக்குக் கட்டிய பை

வந்துவிட்டார். மேலே மணி அடித்தது இங்கே கீழே எனக்கு நன்றாகக் கேட்டது, அதற்குப் பின்னால் சுதர்சினியின் செருப்பு விழுந்தடித்துக்கொண்டு ஓடுகிறது, ஓடாதே பிள்ளை, மெதுவாகப் போய்த் திற, ஓடினால் நாங்கள் எதையோ ஒளிக்கிறோம் என்று நினைப்பார், இந்த முறை நாங்கள் ஒன்றையும் ஒளிக்கவில்லை, ஒளிக்க ஒன்றும் இல்லை என்பதுதான் எனக்கு இன்னும் பழகவில்லை. முன்பெல்லாம் வாசல் மணி அடித்தால் ரேடியோவை நிறுத்திவிட்டு மூச்சுக் காட்டாமல் இருப்பேன். நிலத்துக்குக் கீழே இந்தப் பேஸ்மென்றில் ஆள் குடியிருப்பது வெளியே தெரியக்கூடாது, வாசலில் நிற்பவன் பீட்சா கொண்டுவந்த பெடியனாக இருந்தாலும் சரி. இன்றைக்கு வந்திருப்பவர் நகரசபையின் கட்டட இன்ஸ்பெக்டர், இன்றைக்குத்தான் நான் நல்ல சேலை ஒன்றை உடுத்திக்கொண்டு, எல்லா விளக்கையும் போட்டுவிட்டு, புதுப் பெயின்ற் வாசம் போகாத சுவர்களுக்கு நடுவே கட்டில் நுனியில் இருக்கிறேன். கட்டில் மட்டும்தான் இறங்கியிருக்கிறது. கதிரை, மேசை, என் தையல் மெஷின் எல்லாம் இன்னும் மேலே, பாஸ் பண்ணினால்தான் இறக்குவது என்று சுதர்சினியின் புருசன் கபிலன் சொல்லிவிட்டான், முதலே இறக்கினால் கண்பட்டுவிடுமாம். ட்ரக் ஓடுகிற பிள்ளைக்கு இவ்வளவு கண்ணூறு நம்பிக்கை. கதவு திறக்கிறது. தடித்த குரல், வயதான குரல். நன்றி, நேரத்துக்கு வந்ததற்கு நன்றி. இதைச் சத்தமாகச் சொல்லக்கூடாது. காலையிலேயே சுதர்சினி விரலை நீட்டிச் சொல்லிவிட்டாள்: "அன்ரி, உந்த மனுசன் கீழை வரேக்கை நீங்கள் ஒண்டும் கதைக்கவேண்டாம், சிரிச்சுக்கொண்டு நில்லுங்கோ காணும். உங்கடை தாங்க்யூவையும் கொஞ்சம் குறையுங்கோ. நிமிசத்துக்கு ஒருக்கால் தாங்க்யூ சொன்னால் நாங்கள் ஏதோ களவு செய்தனாங்கள் எண்டு நினைப்பான்."

அவள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. நான் பஸ் ட்ரைவருக்கு நன்றி சொல்வேன், கடைக் கதவு தானாகத் திறந்தால் கதவுக்கே சொல்லிவிடுவேன், ஒருநாள் என் காலை மிதித்தவனுக்கும் சொன்னேன், அவன் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு போனான். இந்தப் பேஸ்மென்றில் ஆள் இருக்கிறது, அடுப்பு இருக்கிறது, அனுமதிப் பேர்மிற் இல்லை என்று நகரசபைக்கு யாரோ போன் அடித்துச் சொன்னார்களே, அந்த ஆளுக்குக்கூட மனதுக்குள் சொல்லிவிட்டேன். சுதர்சினி இன்றைக்கும் அந்த ஆளைத் தேடிக்கொண்டுதான் இருக்கிறாள். பக்கத்து வீட்டுச் சீனக் கிழவி, எதிர்வீட்டு நாய்க்காரன், தன்னுடைய சொந்த மச்சாள், ஒருவரையும் விடவில்லை. ஆனால் அந்தப் போன் வந்திராவிட்டால் இந்தச் சுவர் ஏது, இந்தக் கதவு ஏது, இந்த ஜன்னல் ஏது. நகரசபைக்காரர் முதல்தரம் வந்து இரண்டு வழிதான் என்று சொல்லிவிட்டுப் போனார்: சட்டப்படி குடியிருக்கக்கூடிய வீடாக மாற்று, அல்லது அடுப்பைக் கழற்று, ஒருவரும் படுக்கக்கூடாது. அன்றைக்கு நான் மேலே போய்ச் சாப்பாட்டு மேசையில் சாவியை வைத்தேன். மொன்றியலில் என் தம்பி இருக்கிறான், அவன் வீட்டு ஹோலில் ஒரு சோபா இருக்கிறது, அந்தச் சோபாவுக்கும் எனக்கும் முன்பே பழக்கம், அதற்கும் என்னைப் பிடிக்காது. கபிலன் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தான். நிமிரவே இல்லை. "அன்ரி எங்கை போறது? கட்டுவம்" என்றான். அவ்வளவுதான். பிறகு மோருக்குக் கை நீட்டினான். நான் அவனுக்குச் சொந்தமா, பந்தமா, ஊரா? இவர்கள் பெரிய வீடு வாங்கித் தவணை கட்டத் திண்டாடியபோது வாடகைக்கு வந்த ஆள் நான். செலவைப் பற்றி இன்றுவரை ஒரு சொல் என் காதில் விழவில்லை. அந்த ஒரு சொல் விழுந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். நன்றி ஓர் அளவுக்கு மேலே போனால் நெஞ்சில் சீமெந்து மூடையை ஏற்றியது மாதிரி, இறக்கி வைக்க இடம் வேண்டும். இன்றைக்கு இது பாஸ் ஆகவேண்டும். இன்றைக்கு இன்ஸ்பெக்டர் இல்லையென்று சொன்னால் நகரசபை தந்த தவணை முடிந்தது, அடுப்பைக் கழற்றவேண்டியதுதான், கபிலன் இத்தனை மாதம் வேலையால் வந்த கையோடு தூசுக்குள் நின்றது வீண், எனக்குச் சோபா. முருகா, எனக்குச் சோபா வேண்டாம்.

இப்போது நடக்கிறார். தலைக்கு மேலே சப்பாத்துச் சத்தம், குசினிப் பக்கம், திரும்பி ஹோல். கீழே இருந்து பழகினால் நடையை வைத்தே ஆளைச் சொல்லலாம். இவர் ஒரு கால் தாங்கி நடக்கிறார். பாவம், முழங்காலாக இருக்கும். இதே இடம் பழைய பேஸ்மென்றாக இருந்தபோது இந்தச் சத்தங்கள்தான் எனக்குத் துணை. அதையும் குறை சொல்லமாட்டேன், சூடாக இருந்தது, தலையில் தட்டுகிற குழாய்களுக்குப் பஞ்சு சுற்றி வைத்திருந்தேன், கூரையோடு ஒட்டி ஒரு சின்ன ஜன்னல், பூனை போய் வரலாம், ஆள் போகமுடியாது, பனி கொட்டினால் அதுவும் மூடிவிடும், வெள்ளையாக ஒரு வெளிச்சம் வரும், பிறகு அதுவும் வராது. வெளியே போக ஒரே ஒரு வழி, வீட்டைச் சூடாக்குகிற மெஷின் நிற்கிற அறைக்குள்ளால். அந்த மெஷினில்தான் தீப்பிடிக்கும் என்று இந்த நாட்டில் எல்லோருக்கும் தெரியும், எனக்கும் தெரியும், தெரிந்துகொண்டுதான் ஒவ்வொரு இரவும் படுத்தேன். நித்திரை வந்தது. நாங்கள் எங்கேயும் நித்திரை கொள்ளப் பழகிய சனம்.

ஒரு வாசல் காணும், இரண்டாவது தேவையில்லை என்று இவர் சொன்னார். இவர் என்றால் என் கணவர், பெயர் சொல்லிப் பழக்கமில்லை. ஊரில் செல்லடி தொடங்கிய காலத்தில் எல்லோர் வளவிலும் குண்டுக்குப் பதுங்கப் பங்கர் வெட்டினார்கள், நாங்களும் வெட்டினோம், மேலே பனங்குற்றி அடுக்கி மண்மூடை போட்டு, எல்லாம் ஒழுங்காகத்தான் செய்தார். பக்கத்து வளவுக்காரர் வந்து பார்த்துவிட்டு, மாஸ்டர், மற்றப் பக்கத்தாலையும் ஒரு வாசல் விடுங்கோ என்று சொன்னார். இவர் வானத்தைப் பார்த்தார், மாரி வரப்போகுது, ரெண்டு வாசல் விட்டால் வெள்ளம் நிரம்பும், ஒரு வாசல் காணும். கணக்கு வாத்தியார் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நானும் இருந்தேன். பிழையான கணக்கு என்று யாரும் சொல்லமுடியாது, உண்மையாகவே வெள்ளம் வந்தது, எங்கள் பங்கருக்குள் ஒரு சொட்டு வரவில்லை. பிறகு ஒரு பகலில் அந்த ஒரு வாசலுக்கு மேலேயே செல் வந்து விழுந்தது. இவர் வாசல் ஓரம் இருந்தார், தனக்குக் காற்றுப்பட வேண்டுமென்று அல்ல, எனக்குப் பயம் என்று என்னை உள்ளுக்குத் தள்ளிவிட்டு வாசலை அடைத்துக்கொண்டு இருந்தார். இருட்டு. மண். வாய்க்குள்ளும் மண். எவ்வளவு நேரம் என்று தெரியாது. மேலே மண்வெட்டிச் சத்தம் கேட்டது, அப்புறம் விரல் அளவு வெளிச்சம், அப்புறம் ஒரு முகம், மண்ணப்பிய முகம், ஆர் என்று தெரியவில்லை. என்னை இழுத்து எடுத்தார்கள். இவரையும் எடுத்தார்கள், உயிர் இல்லை. அன்று பின்னேரமே ஊரெல்லாம் இடம்பெயர்ந்தது, தோண்டியவர்களும் போய்விட்டார்கள், நானும் யாரோ பிடித்துக்கொண்ட கையோடு போனேன். அந்த முகத்தை எத்தனை கோயிலில், எத்தனை கலியாண வீட்டில், இங்கே ஸ்காபுரோவில் எத்தனை மரக்கறிக் கடையில் தேடியிருப்பேன். ஒரு நன்றி சொல்லவேண்டும், அவ்வளவுதான். ஆள் கிடைக்கவில்லை. கிடைக்காத ஆளுக்குச் சொல்லவேண்டியதைத்தான் போகிற வருகிற எல்லோருக்கும் சொல்லிக்கொண்டு திரிகிறேன், பஸ் ட்ரைவருக்கும் கடைக் கதவுக்கும். சுதர்சினிக்கு இது தெரியாது, சொன்னால் அழுவாள், அவள் அழத் தொடங்கினால் நிறுத்துவது பெரும்பாடு.

அதனால்தான் ஜன்னலுக்குத் தோண்டிய அன்றைக்கு அப்படி ஆகிவிட்டது. பேஸ்மென்றில் ஆள் படுப்பதென்றால், கதவு அடைபட்டாலும் ஆள் வெளியே ஏறிப் போகக்கூடிய அளவில் ஒரு ஜன்னல் இருக்கவேண்டுமாம், சட்டமாம். ஜன்னலுக்கு வெளியே, ஆள் நிற்கக்கூடிய ஒரு குழி, குழிக்குள் ஏணி. கபிலன் இதை ஏதோ வரிசையில் நின்று சாமான் வாங்குகிற விஷயம் மாதிரிச் சொல்லிவிட்டுப் போய்விட்டான், நான் இரண்டு நாள் அதையே யோசித்துக்கொண்டிருந்தேன். முன்பின் தெரியாத ஒருவர், ஏதோ ஓர் அரசாங்கக் கந்தோரில் இருந்துகொண்டு, நிலத்துக்குக் கீழே படுக்கிற ஒரு மனுசி எப்படி வெளியே வருவாள், அவளுடைய இடுப்பு எவ்வளவு அகலம், அவளால் எவ்வளவு உயரம் கால் தூக்க முடியும் என்றெல்லாம் யோசித்திருக்கிறார். எனக்காக, என்னைத் தெரியாமலே. வேலை முடியும்வரை எனக்குத் தந்திருந்த சுதர்சினியின் மகளுடைய அறையில், மேலே இருந்தேன், வெளியே மண்வெட்டிச் சத்தம் தொடங்கியது. சத்தம் வீட்டை நோக்கி வருகிறது. காதைப் பொத்தினேன், பொத்தினாலும் பாதத்தால் கேட்கிறது. தாங்காமல் கீழே இறங்கினேன், சரியாக அந்த நேரம் கொங்கிரீட் சுவர் உடைந்து, விரல் அளவு வெளிச்சம், அப்புறம் கையளவு, அப்புறம் ஒரு முகம், தூசப்பிய முகம், போர்த்துக்கீசக்காரன், கண்ணாடி போட்டிருந்தான். நான் அவனுடைய கையைப் பிடித்துக்கொண்டேன். தாங்க்யூ, தாங்க்யூ, தாங்க்யூ. அவன் பயந்துபோய்க் கபிலனைக் கூப்பிட்டான். "அன்ரிக்குத் தூசு ஒத்துவராது" என்று கபிலன் எனக்குத் தண்ணீர் தந்தான். அவனுக்கு ஏதோ விளங்கியிருக்கும், கேட்கவில்லை. கேட்காததற்கும் அவனுக்கு ஒரு நன்றி இருக்கிறது.

ஐயோ! அலறுகிறது. வீடு முழுக்க ஒரே நேரத்தில் அலறுகிறது, இல்லை, ஒன்றுமில்லை, மேலே இன்ஸ்பெக்டர் ஸ்மோக் அலாரத்தை அமத்திப் பார்க்கிறார். கபிலன் சொல்லியிருந்தான்: "மேலை அடிச்சால் கீழையும் அடிக்கும், கீழை அடிச்சால் மேலையும் அடிக்கும் அன்ரி, எல்லாம் ஒண்டோடொண்டு தொடுப்பு." இதுவும் சட்டமாம். என் புகைக்கு அவர்கள் எழும்புவார்கள், அவர்கள் புகைக்கு நான் எழும்புவேன், கூடப்பிறந்தவர்கள்கூட இந்தளவுக்கு எழுதி வைத்துக்கொள்வதில்லை. அடிக்கிறது, மேலே கணீரென்று அடிக்கிறது, கீழே மட்டும் என்ன, சளி பிடித்த குரலில் அடிக்கிறது? எழும்பிக் குசினிக்குப் போய் அண்ணாந்து பார்த்தேன். பை. தமிழ்க் கடை மரக்கறிப் பை, மஞ்சள் நிறம், இறப்பர் வளையம் போட்டு இறுக்கி, என் கையால் காலையில் கட்டிய பை, உள்ளே அலாரம் கத்தக் கத்தப் பை நடுங்கிக்கொண்டிருக்கிறது. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதை. இன்ஸ்பெக்டர் வரமுன்னம் பால் காய்ச்சிவிடவேண்டும் என்று சுதர்சினிதான் ஒற்றைக் காலில் நின்றாள், "பால் பொங்கின வீட்டை ஒருத்தரும் இல்லையெண்டு சொல்லேலாது அன்ரி." கிழக்குப் பக்கம் பொங்கி வழிந்தது, வழிந்த பால் சூட்டில் கருகியது, அதற்கு மேல் சாம்பிராணி வேறு. பழைய பேஸ்மென்றில் ஒவ்வொரு வெள்ளியும் செய்வது மாதிரியே மனம் அறியாமல் அலாரத்துக்குப் பையைக் கட்டிவிட்டேன். சாம்பிராணிக்கு அலாரம் கத்தாமல் இருக்க இந்த ஊரில் பை கட்டாத தமிழ் வீடு எது? ஆனால் இன்றைக்கா! பக்கக் கதவுப் படியில் சப்பாத்துச் சத்தம், ஒரு கால் தாங்கித் தாங்கி இறங்குகிறது. பை கட்ட ஏறிய ஸ்ரூல் எங்கே? துப்புரவாக இருக்கட்டும் என்று சுதர்சினி மேலே கொண்டுபோய்விட்டாள். கட்டிலை இழுக்க நேரமில்லை. கையில் அகப்பட்டது பால் கிண்டிய அகப்பை. அகப்பையைத் தூக்கிக்கொண்டு எட்டிக் குதிக்கிறேன், இந்த வயதில், சேலையோடு, பை அசைகிறதே தவிரக் கழலவில்லை, இன்னொரு தரம், முருகா, இன்னொரு தரம்.

அப்படித்தான் அவர் என்னை முதன்முதலில் பார்த்தார். அலாரம் நின்றுவிட்டது. உயரமான மனிதர், கறுப்பினத்தவர், தாடியில் நரை. பின்னால் கபிலன், அவனுக்குப் பின்னால் சுதர்சினி. "மிஸஸ் மனோன்மணி" என்று கபிலன் என்னைக் காட்டினான். நான் அகப்பையைப் பின்னால் மறைத்துக்கொண்டு சிரித்தேன், சொன்னபடி. இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. கையை நீட்டி, குதிகாலைக்கூடத் தூக்காமல், பையைக் கழற்றினார், அதை ஒருதரம் பார்த்தார், என்னிடம் தந்தார். வாய் தானாகத் தாங்க்யூ சொன்னது. சுதர்சினி கண்ணை மூடினாள். அவர் கபிலனிடம் நீளமாகப் பேசினார், கோபமாக அல்ல, அது கோபத்தைவிட மோசம், கவலையாகப் பேசினார். கபிலன் நிலத்தைப் பார்த்துக்கொண்டு எனக்குச் சொன்னான்: "அன்ரி, கட்டின வேலை எல்லாம் சரியாம். சுவர், கதவு, வயர் எல்லாம் பாஸாம். ஆனால் இதுக்குள்ளை இருக்கப்போறது நீங்களோ எண்டு கேக்கிறார். நெருப்பு வந்தால் முதலிலை சாகிறது பை கட்டின ஆள்தானாம். உங்களுக்கு இதெல்லாம் என்னத்துக்கு எண்டு விளங்குதோ எண்டு தெரியாமல் கையெழுத்து வைக்கத் தனக்கு மனம் வரேல்லையாம்."

எனக்கு விளங்குமா? எனக்கா? பேச என்னிடம் இங்கிலீஷ் இல்லை, இருந்த இங்கிலீஷ் முழுவதும் தாங்க்யூ. கபிலனின் கை என் கண்ணில் பட்டது, நகத்துக்குள் இன்னும் சுவர்ப்பூச்சு வெள்ளையாக நிற்கிறது. நான் பையையும் அகப்பையையும் அடுப்புக்குப் பக்கத்தில் வைத்தேன், அறைக்குள் போனேன், சேலையைத் தூக்கி இடுப்பில் செருகினேன். "அன்ரி! என்ன செய்யிறியள்?" என்று சுதர்சினி கத்துகிறாள். ஜன்னல் பிடியைத் திருப்பினேன், ஒற்றைக் கையால் திறந்தது, வைகாசிக் காற்றுக் குளிராக முகத்தில் அடித்தது. கட்டிலில் ஒரு கால், ஜன்னல் படியில் மறு கால். ஜன்னல் பொருத்திய நாளிலிருந்து ஒருவரும் வீட்டில் இல்லாத நேரம் பார்த்து நான் இப்படி ஏறி இறங்குகிறேன் என்பது இவர்களுக்குத் தெரியாது. தலையைக் குனி, முழங்கையை ஊன்று, இடுப்பைச் சரி, இதோ குழிக்குள் நிற்கிறேன், ஏணிக் கம்பி கையில் சில்லென்று இருக்கிறது, ஒரு படி, இரண்டு படி, புல். எதிர்வீட்டு நாய் என்னைப் பார்த்துக் குரைத்தது. நிலத்துக்கு மேலே, வெயிலில் நின்றேன். யாரும் தோண்டவில்லை, யாரும் இழுக்கவில்லை, நானாகவே வந்தேன்.

கீழே ஜன்னலில் இன்ஸ்பெக்டரின் முகம். அண்ணாந்து என்னையே பார்க்கிறார். இப்போது சிரிக்கிறார். "பாஸ் அன்ரி! பாஸ் எண்டு சொல்லுறார்!" கபிலன் கத்துகிறான், சுதர்சினி தொடங்கிவிட்டாள், ஒப்பாரிதான். எனக்கு அந்த நேரம் வேறொன்று கேட்கவேண்டியிருந்தது. குனிந்து, "தம்பி, இந்த ஜன்னல் சட்டத்தை எழுதின ஆள் ஆரெண்டு அவரிட்டைக் கேள். நான் அந்த ஆளுக்கு நன்றி சொல்லவேணும்" என்றேன். கபிலன் கேட்டான். இன்ஸ்பெக்டர் தாடியைச் சொறிந்தார், ஏதோ மெதுவாகச் சொன்னார், கபிலன் எனக்குச் சொன்னான்: "எழுதினது ஆரெண்டு தெரியாதாம். ஆனால் உப்பிடிச் சட்டம் ஒண்டும் சும்மா வாறேல்லையாம். முதலிலை எங்கையோ ஆரோ வெளியிலை வர வழியில்லாமல் செத்திருப்பினமாம். அதுக்குப் பிறகுதான் எழுதியிருப்பினமாம்."

மேசையும் கதிரையும் இறங்கிவிட்டன, தையல் மெஷின் ஜன்னலுக்குப் பக்கத்தில் வெளிச்சத்தில் நிற்கிறது, இன்ஸ்பெக்டர் தேத்தண்ணிகூடக் குடிக்காமல் போய்விட்டார், வாங்கக்கூடாதாம். கபிலன் பக்கக் கதவுப் படியில் நித்திரை. அவனுக்கு நான் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை, இன்றைக்குச் சொல்லவும் போவதில்லை, இரவைக்கு அவனுக்குப் பிடித்த கணவாய்க் கறி வைக்கப்போகிறேன், அவனும் நிமிராமல் தின்னட்டும். நான் யோசித்துக்கொண்டிருந்தது அந்த ஆளைப் பற்றி. எங்கேயோ ஒரு நிலவறையில், எந்த நாடோ, எந்த மொழியோ, ஒரு வாசலோடு இருந்து செத்துப்போன ஆள். அவரை எடுத்துப் பார்த்துவிட்டு நாலு பேர் கூடி இருந்து, இனி ஒருவரும் இப்படிச் சாகக்கூடாது என்று எழுதி வைத்திருக்கிறார்கள். எங்கள் பங்கரில் போன இவருக்காக ஒருவரும் ஒன்றும் எழுதவில்லை, எழுத எங்களுக்கு நேரம் தரவில்லை. இருந்தாலும் இருவரும் ஒரே மாதிரித்தானே போனார்கள், அந்த ஆளுடைய ஜன்னலில் இவருக்கும் ஒரு பங்கு இருக்கட்டும். காலையில் போட்ட சாம்பிராணியில் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருந்தது. தணல் எடுத்துப் போட்டேன், குசினியில் புகை எழும்பியது, கை பழக்கத்தில் மஞ்சள் பையைத் தேடிப் போனது. நிறுத்தினேன். பையை நாலாக மடித்துக் குப்பைக்குள் போட்டேன். அறைக்குள் போய் ஜன்னலை முழுதாகத் திறந்துவிட்டு, சாம்பிராணித் தட்டை அதன் படியில் கொண்டுபோய் வைத்தேன். புகை கொஞ்சம் உள்ளேயே சுற்றியது, பிறகு வழி தெரிந்து குழிக்குள் இறங்கி மேலே போனது. அலாரம் அடிக்கவில்லை. "இஞ்சாருங்கோ," என்றேன் இவரிடம், "இந்தப் பக்கத்தாலையும் ஒரு வாசல் இருக்கு."